அக்காவுக்கு ஒன்றுமில்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ டாக்டரைவிட அதிகமாகக் குடைகிறாய், அதனால்தான் கடிதம்.

நான்கு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. எந்தப் புற்றுநோய்க்காரருக்கு எந்த மருந்து கேட்கும், யார் எவ்வளவு தாங்குவார் என்று முன்கூட்டியே சொல்ல நீயும் உன் ஆபீஸ்காரர்களும் பழக்கிவைத்த கம்ப்யூட்டர் மெஷின், "இந்தம்மா நல்லாத் தாங்குவாங்க" என்று சொல்லிவிட்டதாம். டாக்டருக்கு ஒரே பூரிப்பு, மருந்தின் அளவைக் கூட்டப்போகிறார். நான் டிரைவிங் ஸ்கூலை ஒருநாள்கூட மூடவில்லை. முடிதான் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் அப்பா முறைக்கிறார்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சரியென்று சொன்னதால் டாக்டர் உன் விவரங்களை எனக்கு அனுப்பினார். வாந்தி இல்லை, அசதி இல்லை, கைகால் மரத்துப்போகவில்லை. மருந்தே ஏற்றாத நான்கூட இவ்வளவு சௌக்கியமாக இல்லை!

மெஷின் அப்பாவி அக்கா, சொன்னதை அப்படியே நம்பும். எனக்கு உன்னைத் தெரியும். மெஷினுக்கு விவரம் குறித்துக்கொடுக்கும் நர்ஸிடம் என்ன அளந்துவிட்டாய்? அளவைக் கூட்டினால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். நான் செய்த பொருளே உன்னைக் கெடுத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

அந்த நர்ஸ் என்னிடம் வண்டி கற்றவள். ரிவர்ஸ் வராமல் அழுதபோது, "அழுதா வண்டி பின்னாடி போயிடுமா?" என்று அதட்டியிருக்கிறேன். அவளிடம் போய், பாதம் மரத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் வண்டியை விட்டு இறங்கச் சொல்வார்கள். எனக்கு வேறு என்ன வேலை தெரியும்?

நேற்று ஒரு ரிட்டயர்டு மேனேஜர் நேரே சுவரைப் பார்த்து ஓட்டினார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேனா இல்லையா என்று என் காலுக்குத் தெரிவதற்குள் சுவருக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதும்விட்டேன். "ஏன் டீச்சர் முன்னாடியே சொல்லலை?" என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

மருந்தை மாற்றுகிறார்கள். ஸ்கூலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். உண்மையைக் கேட்ட பிறகு, புது மருந்தில் கட்டி சுருங்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்கிறதாம் உன் மெஷின். என்னிடம் கற்றவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் முதல் டெஸ்ட்டிலேயே தேறினால் ஊரைக் கூட்டிக் கொண்டாடுவேன். இந்த அறுபதுதான் எனக்குப் போதவில்லை. பயமாக இருக்கிறதுடா.

லீவு போட்டுவிட்டு வா. நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை குறை சொல்லிக்கொண்டேதான் வருவேன்.

அக்கா