கப்பலிலிருந்து வந்த ஐந்து நிமிடம்

வலியசாலை, திருவனந்தபுரம்
12.8.2024, திங்கள்

என் மோளே இசக்கிசெல்விக்கு ஆச்சி எழுதுவது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்களின் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அம்மா சொர்ணம், ஒரு காலில் மட்டும் செருப்போடு. உன் மாமன் செல்வகணேஷ், தலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல். உன் அப்பனின் ஹோட்டல் முதலாளி ஹரிகுமார். அடுத்த வீட்டுத் தையல்காரி ஷெமி. பிறகு நான். ஐந்து பேர். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உள்ளே கட்டிலில் கிடந்தவன் உன் அப்பன் ஜெயகுமார். பயப்படாதே. உயிர் இருக்கிறது, வாயும் இருக்கிறது. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவுச் சட்டியில் உட்கார்ந்துவிட்டான். இதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று இடத்தில் அடைப்பாம். செப்டம்பர் நாலாம் தேதி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அதுவரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பிழைப்பானா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். நூற்றில் தொண்ணூறு என்றார். நான் லாட்டரி விற்கிறவள், மிச்சம் பத்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அந்த வராந்தாவிலேயே முடிவு பண்ணினார்கள். உன் மாமன்தான் தொடங்கினான்.

"அத்தே, கடல்ல நிக்கிற பிள்ளைட்ட இதெல்லாம் சொல்லப்பிடாது. கேட்டா அவளால ஓடி வரமுடியுமா? சும்மா கிடந்து அழுது கரைவா. எல்லாம் முடிஞ்ச பொறவு சொல்லலாம்."

ஹரிகுமார், "அதாணு நல்லது, அம்மா" என்று தலையாட்டினான். ஷெமியும் ஆட்டினாள். உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள், அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"முடிஞ்ச பொறவுன்னா எது முடிஞ்ச பொறவு? நீ மாமன். நான் அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தவ"ன்னு சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும். நேவிக் கப்பலுக்குப் போக தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எது நடந்தாலும் மறைக்கக் கூடாது ஆச்சி என்றாய். சரி என்றேன். நான் ஏன் அவ்வளவு வேகமாகச் சரி என்றேன் என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். உன் அப்பனைப் பெற்றுக் கிடந்தபோது என் அம்மா நாகர்கோவிலில் செத்துப்போனாள். பச்சை உடம்புக்காரியிடம் சொல்லக் கூடாது என்று என் மாமியார் பதினாறு நாள் மறைத்தாள். அந்தப் பதினாறு நாளும் நான் அம்மா வருவாள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் மருந்து இடித்துக்கொண்டு வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வருஷம் ஆகிறது.

மாசக் கடைசியில் கப்பலுக்குத் தபால் பை ஏறும், பதினைந்துக்குள் போட்டால் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். உன் மாமன் தபாலாபீஸ் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். நாலாம் தேதிக்கு முன்னால் எப்படியாவது ஒரு போன் கேட்டு வாங்கி உன் அப்பனிடம் பேசிவிடு. வேறொன்றும் வேண்டாம்.

உன் ஆச்சி,
பார்வதியம்மாள்


கடலில்
15.8.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

எல்லாரும் சுகம்தானே? இங்கே நான் நல்ல சுகம். காலையில் கப்பலின் மேல்தட்டில் கொடியேற்றினோம். வெள்ளை உடுப்பை லிபியும் நானும் முந்தின நாளே தேய்த்து மெத்தைக்கு அடியில் வைத்திருந்தோம். லிபி கொல்லத்துக்காரி, எனக்கு மேல் படுக்கை. எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. நாலு பக்கமும் தண்ணீர் என்று எழுதலாம், அது ரகசியம் இல்லை.

ஆச்சி, உங்கள் மேல் எனக்கு ஒரு பெரிய புகார் உண்டு. கப்பல் போனில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். போன மாதம் இரண்டு தடவையும் உங்கள் நம்பருக்குத்தான் போட்டேன். எண் நீளமாக இருக்கும், என் குரல் உங்களிடம் வந்து சேர இரண்டு நொடி பிடிக்கும். நான் ஆச்சி என்று கூப்பிட்டு, அது வந்து சேர்வதற்குள் நீங்கள், "கள்ளப்பயலே, என் அக்கவுண்ட்ல ஒண்ணும் இல்லடா, போய் வேலை பாத்துத் தின்னுடா"ன்னு வச்சிட்டீங்க. இரண்டாம் தடவை என்னை போலீஸில் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். பின்னால் வரிசையில் நின்ற லிபி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை நீளமான எண் வந்தால் எடுங்கள். எடுத்து, மூன்று எண்ணுகிறவரை ஒன்றும் பேசாதீர்கள். திட்டவும் வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை இங்கே பரோட்டா உண்டு. அதை மடக்கினால் ஒடியும். அப்பா வந்து பார்த்தால் அடுப்புக்காரரைக் கடலில் இறக்கிவிடுவார். நீங்கள் யாரும் இந்த மாதம் ஏன் இன்னும் எழுதவில்லை?

உங்கள்,
செல்வி


வலியசாலை
31.8.2024, சனி

மோளே,

உன் கடிதம் கிடைத்தது. போனில் திட்டியதற்கு நான் வருத்தப்பட முடியாது. பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரன் மைக்கில் தினமும் கத்துகிறான், தெரியாத எண்ணில் பேசுகிறவன் கள்ளன் என்று. நான் அவன் சொன்னபடி கேட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் அப்பனுக்கு என்ன ஆயிற்று என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. பதினைந்தாம் தேதி எழுதிய கடிதத்தில் அது இருக்காதுதான். ஆனாலும் மாசம் முடியப் போகிறது, போன் வரவில்லை. எனக்கு உறுத்தியது. இன்றைக்குக் காலையில் உன் மாமன் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப்போக வந்தான். தூக்குச்சட்டியை வைக்க ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்கு அடியில் என் கடிதம் இருந்தது. நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவர் வேறு போட்டிருந்தான். ஸ்டாம்பில் சீல் விழவில்லை.

"இது என்னடே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தே, நான் கிழிக்கல்லயே."

"கிழிச்சிருந்தா ஒரு தப்பு. பத்திரமா வச்சிருக்கியே, அது பத்தொன்பது நாளுக்கு பத்தொன்பது தப்பு."

"அவளுக்க வேலை அப்படிப்பட்டது. மனசு அங்க இல்லாம கை தப்பினா? நான் அவள நினைச்சுதான்..."

"அவளுக்காக யோசிக்கதுக்கு அவளே இருக்கா. வழிய விடு."

தபால் பை போயிருக்கும். நாலாம் தேதிக்கு நாலு நாள். எனக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஸ்டேஷனில் வைத்து அவசரத்துக்கு என்று ஒரு போன் நம்பர் சொன்னாய், கூடவே உன் சர்வீஸ் நம்பரும். எழுதித் தரட்டுமா என்றாய், வேண்டாம் என்றேன். முப்பது வருஷமாக லாட்டரி விற்கிறேன், விற்ற டிக்கெட்டின் எண்ணே எனக்கு மறந்ததில்லை, பேத்தியின் எண்ணா மறக்கும்?

கிழக்கேகோட்டையில் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட்டேன். ஓணம் பம்பர் விற்கிற நேரம், முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். எடுத்தவர் ஹிந்தியில் பேசினார். எனக்கு ஹிந்தி தெரியாது, இங்கிலீஷும் எண்கள் மட்டும்தான். அதனால் எனக்குத் தெரிந்ததையே சொன்னேன். உன் சர்வீஸ் நம்பரை, பம்பர் நம்பரைக் கூவுகிற மாதிரி ஒவ்வொன்றாக, நிறுத்தி. பிறகு, "ஃபாதர். ஹார்ட். ஆபரேஷன். செப்டம்பர் ஃபோர்."

அந்த ஆள் நம்பரைத் திரும்பச் சொன்னார். லைன் கரகரவென்றது, நடுவில் ஒரு எண் மாறிவிட்டது.

"நோ! நைன்! நைன்!" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். மேஜை ஆடி டிக்கெட் பறந்தது. ஒரு கண்டக்டர், ஒன்பதில் முடிகிற எண் விழப்போகிறது போல என்று அவசரமாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனான்.

"வெயிட், மாஜி" என்றார் அந்த ஆள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மலையாளத்தில் வந்தாள். "அம்மச்சி, ஆரா? சமாதானமாயிட்டுப் பற" என்று நிதானமாகச் சொல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரி பேர், டாக்டர் பேர், வார்டு, கட்டில் எண் எல்லாம் கேட்டாள், மளமளவென்று சொன்னேன், உன் மாமன் கடிதத்தை ஒளித்து வைத்ததையும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "மெசேஜ் கப்பலுக்குப் போயி, அம்மச்சி." போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

மோளே, அந்த நேரத்தில் என் மேஜையில் இருந்த அத்தனை டிக்கெட்டுக்கும் பரிசு விழுந்திருந்தாலும் நான் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

பழைய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இதை நானே போய்ப் பெட்டியில் போடுவேன். போன் என் கையில்தான் இருக்கிறது. நீ சொன்னபடி மூன்று எண்ணுவேன்.

ஆச்சி


கடலில்
2.9.2024

அன்புள்ள ஆச்சி,

சனிக்கிழமை சாயங்காலம் மேலே கூப்பிட்டார்கள். போகிற வழியெல்லாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தேன். அதிகாரி மேடம் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதும் வீட்டு விஷயம் என்று தெரிந்துவிட்டது. உங்கள் பாட்டி செய்தி அனுப்பியிருக்கிறார் என்று, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் வாசித்தார். தேதி, வார்டு, கட்டில் எண், மாமா உங்கள் கடிதத்தைப் போடாமல் ஒளித்து வைத்தது வரை. வாசித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக எங்களிடம் யாரும் சொன்னதில்லை என்றார். பாதி அழுகையில் எனக்குப் பெருமை வந்தது.

மாமாவுக்கு இருந்த பயம் என்ன என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கீழே வந்து முகம் கழுவிவிட்டு என் வாட்ச் டியூட்டிக்குப் போனேன். நாலு மணி நேரம் ரேடார் திரையைப் பார்த்தேன். ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மறுநாள் போன் கிடைத்தது. அப்பா எடுத்தவுடன், "வயத்துல கேஸ், மோளே. நாளன்னைக்கு வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். நான், "அப்பா, மூணு அடைப்பு, நாலாம் தேதி. எல்லாம் தெரியும்"னு சொன்னேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அது லைன் பிடிக்கிற இரண்டு நொடியா, அப்பாவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அப்பா அழுதார். எனக்கு விவரம் தெரிந்து அப்பா அழுது நான் கேட்டதில்லை. "பேடியா இருக்கு, செல்வி" என்றார். எனக்கும் பயம்தான் அப்பா என்றேன். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டதும் கொஞ்சம் லேசாகிவிட்டது. உடனே அப்பா பரோட்டாவுக்குப் போய்விட்டார். மாவை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், எண்ணெய் எப்போது, முட்டை போடலாமா, எல்லாம் சொன்னார். லைன் போகிறவரை சொன்னார்.

நாளை மறுநாள் காலையிலிருந்து நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் மனசு அந்த வார்டில்தான் இருக்கும். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் எதற்காவது சிரித்துக்கொண்டிருந்திருப்பேன், ஆச்சி. அதை என்னால் பின்னால் தாங்கியிருக்க முடியாது.

மாமாவை மன்னித்துவிடுங்கள்.

செல்வி


வலியசாலை
6.9.2024, வெள்ளி

என் தங்க மோளே,

போனில் மலையாளத்தில் பேசிய அந்தப் பெண்ணிடம் நேற்றே மெசேஜ் கொடுத்துவிட்டேன், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. உன் அப்பன் பிழைத்துவிட்டான்! ஆறரை மணி நேரம் ஆபரேஷன். மூன்று அடைப்பும் சரியாகிவிட்டது. நேற்று வாயிலிருந்த குழாயை எடுத்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அம்மா என்று கூப்பிடப் போகிறான் என்று குனிந்தேன். "செல்வி மாவ ஊறவச்சாளாமா?" என்றான். நர்ஸ் என்னிடம், எந்தா பறஞ்சது, என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆளுக்கு புத்தி தெளிவாயிட்டுண்டு என்றேன்.

உன் கடிதம் இன்னும் வழியில்தான் இருக்கும், அதில் யாருக்காவது மன்னிப்புக் கேட்டிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். அதனால் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

உன் மாமனை மன்னித்தேன். சும்மா இல்லை. அந்த அவசர நம்பரை மனப்பாடமாகச் சொன்னால்தான் வீட்டுப்படி ஏறலாம் என்றேன். மூன்று நாள் திணறினான், ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே முணுமுணுத்து சிக்னலைத் தாண்டி ஃபைன் கட்டினான். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் தப்பில்லாமல் சொன்னான். ரத்தமும் கொடுத்தான். இனிமேல் நான் இல்லாவிட்டாலும் உனக்குச் செய்தி வரும்.

ஹரிகுமாரை மன்னித்தேன், அவன் தலையாட்டுகிற சாதி. ஷெமியை மன்னித்தேன், ஆபரேஷன் அன்றைக்குத் தையலை நிறுத்திவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவிடம் எனக்குக் கோபமே கிடையாது. என் மாமியாரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், போய்ச் சேர்ந்தவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ஆனால் ஒரு ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நிற்கும்போது நீளமான எண் வந்தது. உன் மாமன், "எடுக்காதீங்க அத்தே, தட்டிப்பு, ஏமாத்துக்காரப் பயலுவ" என்றான். அவன் கையைத் தட்டிவிட்டு எடுத்தேன். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றுக்கு வருவதற்குள் ஊசி குத்தின கையை நீட்டி ஒரு ஆள் போனைப் பிடுங்கினான். ஐந்து நிமிடமும் அவனே பேசினான். அழுதான், அது சரி. உனக்கு தைரியம் சொன்னான், அதுவும் சரி. மிச்ச நேரமெல்லாம் மைதா, எண்ணெய், முட்டை! நான் பக்கத்தில் நின்று கையை நீட்டுகிறேன், அவன் கண்ணைக் காட்டி இரு இரு என்கிறான். கடைசியில் என் கையில் கொடுத்தபோது போன் சூடாக இருந்தது, உன் குரல் இல்லை. ஐந்து மாசமாக நான் கேட்காத குரல். அந்தப் போனை வரவழைத்தவள் யார்?

அவன் நல்லபடியாக எழுந்து நடக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், கோயிலுக்கு நேர்ந்ததை நானே நடந்து போய்ச் செய்வேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை, அவனிடமே சொல்லிவிட்டேன், தையல் வலிக்கச் சிரிக்கிறான். எழுதி வைத்துக்கொள், அவன் பேர் ஜெயகுமார்.