ஒரு வார டீசல், ஒரு தரம்!

இராஜாக்கமங்கலம் துறை,
ஞாயிறு, பூசை கழிந்து.

அன்பு மகள் ஷீஜாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் எல்லோரும் சுகம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து பதினொரு மணி வரை நான் நீயாக இருந்தேன். உன் பெயர் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கடல் உயிரியலில் எம்.எஸ்.சி. படித்தவளாக, உன் யூனிவர்சிட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு வடை தின்றேன். இரண்டாவது வடை உன் பங்கு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியிலேயே, "எம்மா, நீ என்ன காரியம் செஞ்ச!" என்று புகுந்துவிடுவாய். நானும் சிரித்துவிடுவேன், கதை பாழாகிவிடும். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் நீ இருக்கிற மஸ்கட்டுக்குத் திரும்பும் நம் ஊர்ப் பையன் பிரைட்டனின் பெட்டியில், நெத்தலிக் கருவாட்டோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். என் எழுத்து அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து, கோணலாகத்தான் வரும். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நண்டு ஓடின மணல் மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய கையெழுத்து நண்டு செத்துக் கிடக்கிற மணல் மாதிரி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

யூனிவர்சிட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று ஜெமி உன்னிடம் சொன்னாள் அல்லவா? நீயும் உடனே, தங்கச்சியை ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள், நான் பணம் அனுப்புகிறேன், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாய். அவசரப்படாதே, நான் வழி பார்க்கிறேன் என்றேன். அதற்கு மேல் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்.

நீ படித்த காலத்தில் தினமும் நம் குருசடிச் சிலுவைக்கு முன்னால் வந்து நின்ற அந்த பஸ் ஜூலையோடு நின்றுபோனது. ஜெமி நாகர்கோவில் போய் பஸ் மாறி, தொங்கிக்கொண்டு போய் வந்தாள். லேப் முடிந்து வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். ஒரு நாள் ஊருக்கு வரும் பஸ் வரவே இல்லை, அவள் போனிலும் சார்ஜ் இல்லை. உன் அப்பாவும் பக்கத்து வீட்டு சிஜோவும் பைக்கில் வழி நெடுகத் தேடிப் போய், ஒரு மருந்துக்கடை வெளிச்சத்தில் ஒதுங்கி நின்றவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா திட்டவில்லை. உன் அப்பா திட்டாமல் இருந்தால்தான் நமக்குப் பயம். மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "படிச்சது போதும் மக்கா, தையலுக்குப் போ" என்றார். நீ போன் செய்தபோது பிள்ளைக்கு ஸ்டடி லீவு என்று சொன்னேனே, அது பொய். அவள் அடுக்களையில் பாத்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல, நம் கரையில் இன்னும் நாலு பெண்பிள்ளைகள் அதே மாதிரி வீட்டில் இருந்தார்கள்.

நான் இரண்டு தடவை யூனிவர்சிட்டிக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். துணைவேந்தரை என்றேன். அவர் என் தலையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டார். சாளை வாங்கிக்கொண்டார், உள்ளே விடவில்லை. அடுத்த தடவை நெத்தலி வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் உன் பெயருக்கு அழைப்பிதழ் வந்தது. பழைய மாணவர் கூட்டம், அவசியம் வர வேண்டும், பல்கலைக்கழகம் உங்கள் தாய்வீடு என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ஜெமி, "இது அக்காவுக்குள்ளதும்மா" என்றாள். தாய்வீட்டுக்குத் தாய் போனால் யார் கேட்பது என்றேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பா வாசலில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர், "என்னட்டி, பெண்ணு பாக்க ஆளு வாறாங்களா?" என்று கேட்டார். வருகிறார்கள், பழைய மாப்பிள்ளையை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அங்கே மேசையில் இருந்த பெண்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை ஷீஜா, அழைப்பிதழை மட்டும் நீட்டினேன். அவள் பெயரைப் பார்த்தாள், நீ படித்து முடித்த வருடத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மஸ்கட் வெயில் ஆளை இப்படியும் ஆக்கிவிடுமோ என்று நினைத்திருப்பாள், பாவம். அட்டையைக் கழுத்தில் மாட்டி, கையில் ஒரு ரோஜாப்பூவும் தந்து, ஓரமாக நிற்க வைத்துப் படமும் எடுத்தாள். அன்றைக்கு அதே வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடித்தார். மீன் கேட்கவில்லை.

உள்ளே எல்லோரும் கோட்டும் பட்டுமாக இருந்தார்கள். ஒவ்வொருவராக மேடைக்குப் போய்ப் பெயர், படிப்பு, இப்போதைய வேலை எல்லாம் சொல்லி, இந்த இடத்தை மறக்க மாட்டேன் என்றார்கள். சங்கத்துச் செயலாளர் ஞானதாசன் என்று ஒருவர், நல்ல மனுஷன், வேர்த்துக் கொட்ட, மறக்கவில்லை என்றால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், அத்தனை தலையும் போனுக்குள் கவிழ்ந்தது. கெட்ட மீனை ஏலத்துக்கு வைத்தால் நம் வியாபாரிகள் மேகத்தைப் பார்ப்பார்களே, அதே மாதிரி.

அடுத்து மைக்கில், "ஷீஜா ததேயுஸ், கடல் உயிரியல்" என்று கூப்பிட்டார்கள். பின்வரிசையில் இருந்த உன் கூட்டுக்காரி அஸ்வதி திரும்பி, நீ எங்கே என்று தேடினாள். எழுந்தது நான். அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவள் இப்போது அங்கேயே டீச்சராக இருக்கிறாள், தெரியுமா?

மைக் முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். நான் ஷீஜா இல்லை, ஷீஜாவைப் பெற்றவள், இராஜாக்கமங்கலம் துறையில் மீன் விற்கிறேன் என்றேன். சிரித்தார்கள். என் மகள் இங்கே படித்தது உங்கள் பஸ் எங்கள் குருசடிக்கு வந்ததால்தான், இப்போது அது வருவதில்லை, அவள் தங்கச்சியின் பை பரண்மேல் இருக்கிறது என்றேன். சிரிப்பு நின்றது. இங்கே யாரெல்லாம் அந்த பஸ்ஸில் வந்து படித்தவர்கள் என்று கேட்டேன். முதலில் மூன்று கை, பிறகு ஏழெட்டு, பிறகு எண்ண முடியவில்லை. கோட்டுப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

மேடையில் இருந்த துணைவேந்தர் அம்மா முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். வண்டி இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், டீசலுக்குத்தான் இந்த வருடம் வழியில்லை, அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம் என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அடுத்த வருசத்துக்குள்ள எங்க பிள்ளையளக் கெட்டிக் குடுத்துருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். டீசல்தானே, நான் ஏலம் விடுகிறேன் என்றேன்.

மக்ளே, இருபது வருடமாக நான் ஏலம் கேட்டுத்தான் மீன் எடுக்கிறேன், ஒரு நாளும் ஏலம் விட்டதில்லை. ஆனாலும் விடுகிறவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகின வாய் இல்லையா? "ஒரு வார டீசல், ஒரு தரம்!" என்று நம் கரையில் கத்துகிற மாதிரியே கத்தினேன். மைக் கூவென்று அலறியது. ஒருவரும் அசையவில்லை. "என்ன, மீனு நாறிப் போச்சா? ஒருத்தரும் கிட்ட வரமாட்டேங்கிறிய!" என்று கேட்டேன்.

அஸ்வதிதான் முதலில் எழுந்தாள். கடல் உயிரியல், ஒரு வாரம் என்று கத்தினாள். எனக்கு மூச்சு வந்தது. "கேட்டியளா, ஒத்தப் பொம்பளப்பிள்ள கேட்டுட்டா. இயற்பியல்ல ஒரு ஆளும் படிக்கலியா?" என்றேன். இயற்பியல்காரர்கள் ரோஷத்தோடு இரண்டு வாரம் என்றார்கள். தமிழ்த்துறை எழுந்து, இயற்பியலை விட ஒரு வாரம் கூட என்றது. வணிகவியல் கூட்டம் தலையைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் பஸ் துருப்பிடித்துவிடும் என்றேன். அவர்களும் கையைத் தூக்கினார்கள். அப்புறம் எனக்கு வேலையே இல்லை, அவர்களுக்குள்ளேயே சண்டை. ஞானதாசன் எழுதி எழுதிப் பேனா மை தீர்ந்து என்னிடம் பேனா கேட்டார்.

சுந்தர்சிங் என்று ஒருவர், பக்கத்துக் கரைக்காரர், பெங்களூரில் பெரிய வேலை. மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்துதான் நான் எல்லாப் பரீட்சைக்கும் படித்தேன் என்று மட்டும் சொன்னார். மழைக்காலம் முழுக்க ஓடுகிற டீசல் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, என் கழுத்தில் கிடந்த உன் பெயரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கடைசியில் பரீட்சைக்கு முந்தின ஒரு வாரம் மட்டும் மிச்சம் இருந்தது. நாலைந்து கை உயர்ந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. "இது எங்க கரைக்கு. ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். ஏலம் விடுகிறவளே எடுத்துக்கொள்வது கள்ளத்தனம்தான். ஆனால் அத்தனை பேர் கொடுக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா? மறுநாள் மீன்காரிகள் எல்லோரிடமும் சொன்னேன். முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு ஒரு வாரம் போதுமா என்று கேட்டார்கள்.

மேசையில் இருந்த அந்தப் பெண்பிள்ளை அட்டையைத் திரும்ப வாங்க ஓடி வந்தாள். துணைவேந்தர் அம்மா, அது அவர்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதை நம் வீட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன்.

போன திங்கட்கிழமை பஸ் வந்தது. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார், பிள்ளைகள் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கூத்தாடினார்கள். எல்லோருக்கும் முன்னால் குருசடிக்குப் போய் நின்றது யார் தெரியுமா? உன் அப்பா. முந்தின நாளே பையைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அறுந்த வாரை வலைநூலால் தைத்து வைத்திருந்தார். ஜெமி ஏறி, டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்துவிட்டு, "ஏலே டிரைவரே, வளைவுல பையப் பையப் போ" என்று அதட்டினார். டிரைவருக்கு உன் அப்பாவை விட வயது அதிகம். பஸ் திரும்பி மறைந்த பிறகும் மனுஷன் அங்கேயே நின்றார். கண்ணில் புழுதி விழுந்துவிட்டதாம். முந்தின இரவுதான் மழை பெய்திருந்தது.

இனி அஸ்வதி மாதத்துக்கு ஒரு தடவை அவள் வகுப்புப் பிள்ளைகளை நம் ஏலக்கரைக்குக் கூட்டிக்கொண்டு வருவாளாம், முதல் தடவை வந்துவிட்டாள். மீனைப் பிடித்துப் பார்த்துப் படிக்கிறார்களாம். திருக்கையைப் பார்த்து ஓடினவர்களில் ஒருத்தன் அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறானாம். என்னையும் ஊர்க்காரர்கள் சார்பில் ஒரு கமிட்டியில் சேர்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் சாயாவும் பிஸ்கட்டும் தந்தார்கள். ஆரம்பித்தால் முடிக்கத் தெரியவில்லை, நான்தான் மூணு தரம் சொல்லி முடித்து வைத்தேன்.

ஆக, ஹாஸ்டல் என்கிற பேச்சுக்கு இனி வேலை இல்லை. அதற்கென்று எடுத்து வைத்திருப்பாயே, அதை இங்கே அனுப்பாதே, டிக்கெட் எடு. இரண்டு கிறிஸ்துமஸாக நம் வீட்டு நட்சத்திரம் தாழ்வாகத்தான் தொங்குகிறது. அந்தக் கொக்கிக்கு எட்டுகிற உயரம் வீட்டில் உனக்குத்தான். அப்பாவை ஏணியில் ஏற்றினால் நட்சத்திரத்தையும் பிடிக்க வேண்டும், அவரையும் பிடிக்க வேண்டும், எனக்கு இருப்பதே இரண்டு கை. லீவு இல்லை என்று சொன்னால் உன் முதலாளியின் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். ஏலம் விடத் தெரிந்த பிறகு எனக்கு யாரிடமும் பயம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கருவாட்டைத் தனியாகத் தின்னாதே, கூட இருக்கிறவர்களுக்கும் கொடு. மாதா உன்னை நல்லபடியாக நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பெயரை ஒரு முற்பகல் சுமந்த,
அம்மா இசபெல்

பின்குறிப்பு: யூனிவர்சிட்டி இணையதளத்தில் பழைய மாணவர்கள் படமெல்லாம் போட்டிருக்கிறார்கள். உன் பெயருக்கு மேலே, ரோஜாப்பூவோடு நான் இருந்தேன். கீழே, எம்.எஸ்.சி. கடல் உயிரியல், முதல் வகுப்பு. ஜெமி போய் நம் குடும்பப் படத்தைக் கொடுத்து, நடுவில் நிற்பவள்தான் ஷீஜா என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்தாள். நேற்று மாற்றிவிட்டார்கள். இப்போது அப்பா இருக்கிறார். முதல் வகுப்பு அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தில் அவர் சவரம் செய்திருக்கவில்லை.