நீ ஜெயித்த டீ

முந்தாநாள் போட்ட சட்டை இன்னும் கொடியிலேயே தொங்குகிறது. என் வீட்டுக்காரி மும்தாஜ் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். "இன்னா நாத்தம் இது? பெட்ரோலா, புல்லா?" என்று கேட்கிறாள். இரண்டும்தான். ஈரப் புல்லை மிஷின் வெட்டும்போது கிளம்புகிற பச்சை வாசனையும், கையில் வழிந்த பெட்ரோலும் சேர்ந்து துணியில் ஏறிவிட்டன. துவைக்கப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ தினத்தாளில்கூடப் படம் மட்டும் பார்க்கிறவன் என்று தெரியும். பரவாயில்லை, நான் வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்.

தண்டையார்பேட்டையில் நம் கடை அப்படியேதான் இருக்கிறது. வாசலில் ஜெனரேட்டர், உள்ளே பம்ப்செட், நடுவில் நாம் இரண்டு பேரும் நகர முடியாமல் இடித்துக்கொண்டு நின்ற சந்து. இப்போது அதில் தாராளமாக நடக்கலாம். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

கடை தொடங்கின புதிதில் ஒரு மிஷின் வந்தால் போதும், நீ ஒரு பக்கம் ஸ்பேனர் போடுவாய், நான் ஒரு பக்கம் போடுவேன். கொண்டுவந்தவன் பயந்துபோய்த் தன் மிஷினைத் திரும்பக் கேட்பான். அந்தச் சண்டையை முடிக்க நீதான் ஒரு சட்டம் கொண்டுவந்தாய். "மொதல்ல வாயைத் தொற, அப்பால மிஷினைத் தொற." அதாவது, திறப்பதற்கு முன் என்ன கோளாறு என்று ஆளுக்கொன்று சொல்லிவிட வேண்டும். தோற்றவன் டீ வாங்க வேண்டும்.

சட்டம் போட்டவன் நீ. காலமெல்லாம் டீ வாங்கினவனும் நீ. வேறென்ன ஆகும்? எது வந்தாலும் உனக்கு ஒரே நோய்தான், என்ஜினில் வால்வைத் தள்ளுகிற அந்தத் துண்டு இரும்பு. "டேப்பட்டு லூசா கீது மாமு." ஜெனரேட்டர் புகை விட்டால் டேப்பட். படகு என்ஜின் சூடானால் டேப்பட். உங்கள் வீட்டுக் கிரைண்டரை ரோசி தங்கச்சி தூக்கிக்கொண்டு வந்தபோதும் அதையே சொன்னாய். "அது கரண்ட்ல ஓடுறதுய்யா, அதுல ஏது டேப்பட்டு?" என்று உன் பெண்சாதியே தலையில் அடித்துக்கொண்டாள். நீ சளைக்கவில்லை. "இருந்துச்சின்னா அதான் லூசா இருக்கும்" என்றாய்.

ஆஸ்பத்திரியிலும் நீ விடவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டரிடம், "டேப்பட்டுதான் டாக்டர், ஒரு நட்டு டைட் பண்ணா சரியா பூடும்" என்றாய். நான் சிரித்தேன். ரோசி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

நீ போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள் இது. மழை இந்த முறை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்திருக்கிற பின்பக்கம், மதிலை ஒட்டின புது இடம், முழங்காலுக்கு மேல் புல் ஏறியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்தப் பக்கம் சாரைப்பாம்பு ஓடியது. ரோசி முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். அவள் எனக்கு போன் செய்தாள். "அண்ணே, எல்லாரும் மெழுகுவத்தி ஏத்துவாங்க. நான் மட்டும் கேட்டாண்ட நின்னுகினு இருக்கணுமா? எப்படியாச்சும் அவராண்ட போவணும்ணே." அவள் அழுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அழுதாள்.

புல் வெட்டுகிற ஆட்களைத் தேடினேன். திருவொற்றியூரிலிருந்து மாதவரம்வரை எல்லாக் கல்லறைக்கும் அதே நாள்தான். ஒருவரும் கிடைக்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற தாஸ், கொட்டகையில் இருந்த புல்வெட்டும் டிராக்டரைக் காட்டினார். எண்ணூர்ப் பக்கம் ஏதோ கம்பெனி குவார்ட்டர்ஸில் கழித்துப்போட்டதை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டி, ஒற்றை சிலிண்டர். சாவியைத் திருப்பினால் என்ஜின் பாதிச் சுற்று சுற்றி, 'டொக்' என்று முட்டி நின்றது.

"புது பாட்டரி போட்டாச்சு பாய். அப்பவும் இதே பேஜாருதான்" என்றார் தாஸ். திருநாளுக்கு ஒரு நாள்தான் பாக்கி.

பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறக்காமல் எப்படித் திறப்பது? தாஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி என்று, "ஸ்டார்ட்டர் மோட்டார்" என்று என் பங்கைச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, "டேப்பட்டு" என்று உன் பங்கையும் சொன்னேன். மரியாதைக்குச் சொன்னதுதான். நம்பிச் சொல்லவில்லை.

ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சோதித்தேன். குதிரை மாதிரி ஓடியது. ஒயர்களைச் சுரண்டி முறுக்கினேன். எர்த்தைப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன, வண்டி மட்டும் 'டொக்'. கோபத்தில் உன்னைத்தான் திட்டினேன். இந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் அங்கே போய்ப் படுத்திருக்கிறாயே என்று சத்தமாகவே திட்டினேன். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் சர்ரென்று சுற்றியது. பிளக்கைப் போட்டேன், மறுபடி முட்டியது.

அப்படியானால் பாட்டரிக்குப் பலமில்லாமல் இல்லை, உள்ளே அடைபட்ட காற்றுதான் தடுக்கிறது. இந்த வகை என்ஜினில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு வால்வை மயிரிழை தூக்கிப் பிடித்துக் காற்றைக் கொஞ்சம் வெளியே விடுகிற ஏற்பாடு உண்டு. டேப்பட் இடைவெளி அகன்றுபோனால் அந்தத் தூக்கல் வால்வை எட்டாது. பார்க்கிறவனுக்கு பாட்டரி செத்த மாதிரியே இருக்கும்.

மேல்மூடியைக் கழற்றி விரலால் ஆட்டினேன். லொடலொடவென்று ஆடியது. டேப்பட்டு லூஸ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா பாய்?" என்றார் தாஸ். "ஜெயிச்சிட்டான்" என்றேன்.

பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அங்கிருந்து துளி தாண்டவிட்டு நிறுத்தினேன். இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை விரித்தால், எனக்கு வேண்டிய மெல்லிய தகட்டின் நுனி வளைந்திருந்தது. காரப்பொடி மீன் முள் பல்லில் சிக்கியபோது நீ குத்தி எடுத்த தகடு அது! அன்றைக்கு உன்னோடு பகல் முழுக்கப் பேசாமல் இருந்தேன். வளைந்த நுனியை விட்டு, நேராக இருந்த பாகத்தை மட்டும் உள்ளே கொடுத்தேன். தகடு இழுபட்டும் படாமலும் வருகிறவரை நட்டைத் திருகிப் பூட்டினேன். இரண்டு வால்வும் முடித்து, சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

வெயில் ஏறிப் புல் கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்துவிட்டு நானே ஓட்டினேன். முதலில் பிளேடை உயர்த்தி ஒரு தரம், இறக்கி ஒரு தரம். கல்லறைகளுக்கு நடுவில் வண்டி நுழையாத இடத்தை தாஸ் அரிவாளால் அறுத்தார். சாயங்காலத்துக்குள் கேட்டிலிருந்து உன்னிடம்வரை வாக்கர் போகிற அகலத்துக்கு வழி விழுந்துவிட்டது.

நேற்று ரோசி அந்த வழியில் நடந்து வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், ஆனால் யார் கையையும் பிடிக்கவில்லை. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, சிலுவையில் ஒட்டியிருந்த புல் தூசியை முந்தானையால் துடைத்தாள். நான் கொண்டுபோன டீ கிளாஸை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். எதற்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டுக் கிரைண்டர்வரை அந்தச் சட்டம் அவளுக்குத் தெரியும். அவள் கிளாஸை எட்டிப் பார்த்தாள்.

"சக்கரை கம்மியா சொன்னீங்களா அண்ணே? அவருக்கு சுகர் கீதே."

சொன்னேன் என்றேன். சொல்லத்தான் செய்திருந்தேன்.

இன்றைக்குக் காலையில் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்தார், கரண்டில் ஓடுவது. "கெப்பாசிட்டர்" என்று என் பங்கைச் சொன்னேன். "டேப்பட்டு" என்று உன் பங்கைச் சொன்னேன். வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திறந்தால் கெப்பாசிட்டர்தான். வழக்கம்போல நீ தோற்றுவிட்டாய்.

நீ வாங்க வேண்டிய டீயை வாங்கிவர நானே போனேன். போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது முடியவில்லை.