சின்னப்பாப்பாவுக்கு ஓர் இடம்

இன்று காலை எங்கள் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டப் பொக்லைன் வந்தது. முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. முதல் அள்ளு மண்ணைக் கரையில் கொட்டியதும் அந்த வாசனை ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டது, அத்தை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவரிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் முழங்கால் போட்டுச் சேற்றைத் துழாவிய அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது.

அப்பாவின் தங்கை நீங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளில் மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள், நீங்கள் பஸ் ஏறுவீர்கள். கம்பைநல்லூரில் ஒரு பெரியம்மா, பொம்மிடியில் படுக்கையில் கிடந்த ஒரு சித்தப்பா என்று தேடித்தேடிப் போய், உங்கள் தாத்தாவைப் பற்றி யாருக்கு என்ன ஞாபகம் இருந்தாலும் கேட்டு போனில் பதிவு செய்துகொண்டு வருவீர்கள்.

அந்தத் தாத்தாவை ஊரில் ஹென்றி தொரை என்பார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். "ஹென்றி இல்லடா, ஹைன்ரிக். அவரு பேரையாவது ஒழுங்கா சொல்லு." ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குப் போய், அங்கே பண்ணை வீட்டில் வளர்ந்தவர். ஒரு மிஷனுக்குத் தச்சராக இந்தப் பக்கம் வந்தார். கம்பைநல்லூர்ச் சின்னப்பாப்பாவைப் பார்த்தார். அவள் மதம் மாற மாட்டேன் என்றாள். அவர் சரி என்று கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். மிஷன் அவரை வெளியே அனுப்பியது. சித்தேரி மலையடிவாரத்தில் நிலம் வாங்கிக் கேழ்வரகு விதைத்தார். அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. லீனா என்று ஒரு மகள், பால்பல் விழுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். மிஞ்சிய மகன்தான் உங்கள் அப்பா. ஹைன்ரிக், சின்னப்பாப்பா, லீனா மூவருக்கும் நிலத்தின் மூலையில் பக்கத்தில் பக்கத்தில் சமாதி.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் "வெள்ளக்காரன் பேரன்" என்று கேலி கேட்டே வளர்ந்தவர். "செத்தவங்கள எதுக்குத் தோண்டிக்கிட்டே இருக்கற? நாளைக்கி வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் ஆயிரம் கேள்வி கேப்பான்" என்பார். நீங்கள் எதிர்த்துப் பேச மாட்டீர்கள். அடுத்த லீவுக்கு மறுபடியும் பஸ் ஏறுவீர்கள்.

தச்சு உளியோடு தாத்தா நிற்கும் படத்தை நீங்கள் சொல்லித்தான் இணையத்தில் போட்டேன். எங்கேயோ சுற்றி அது அமெரிக்காவில் ஒரு கிழவரின் கண்ணில் பட்டது. ஹைன்ரிக்கின் அண்ணன் பேரன். வீடியோவில் அவர் முகம் வந்ததும் நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள். "அந்தக் காதப் பாருடா! அப்படியே எங்கண்ணன் காது!" ஹைன்ரிக் கப்பலில் செத்துப்போனதாகத்தான் அவர்கள் வீட்டில் சொல்லி வந்தார்களாம். நீங்கள் உங்கள் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி. சமாதி இன்னும் இருக்கிறதா, வந்தால் பார்க்கலாமா?

"இருக்கு, பத்திரமா இருக்கு, வாங்க" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டீர்கள். நான்தான் மொழிபெயர்த்தேன்.

அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிலத்தை அப்பா எப்போதோ விற்றிருந்தார், மூலையைத் தொடக்கூடாது என்று வாய்ப்பேச்சாகச் சொல்லி. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் மனை பிரித்தார். ரோடு சமாதிகளின் மேல் போனது. "கெட்ட எண்ணம் ஒண்ணுமில்லீங்கம்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள எடுத்துக்குங்க. அதுக்கு மேல வண்டிய நிறுத்தி வெக்க முடியாது" என்று அவர் போனில் சொன்னார்.

அந்த ஒரு வாரம் முழுக்க நாம் அலைந்தோம். கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாம் போகும் சர்ச்சின் கமிட்டிச் செயலாளர் நம்மை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "தொரையையும் கொழந்தையையும் தாராளமா கொண்டாங்க. அந்தம்மா ஞானஸ்நானம் வாங்கலீங்களே. கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க."

நீங்கள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தீர்கள். "அந்தம்மாவுக்காகத்தான அவரு மிஷனையே வுட்டாரு. இத்தன வருசம் ஒண்ணாக் கெடந்தவங்கள நான் வந்து பிரிக்கிறதா?"

கம்பைநல்லூரில் சின்னப்பாப்பாவின் ஆட்களிடம் போனோம். அவர்கள் மயானத்தில் அவளுக்கு இடம் உண்டு, வெள்ளைக்காரனுக்கு இல்லை என்றார்கள். ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மூணு பேருக்கு ஆறடி எடம், இந்த ஜில்லாவுல இல்லியாடா?" என்று கேட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை மழை. இரண்டு கூலியாட்கள், நீங்கள், நான், மூன்று மண்பானைகள். அப்பா வரவில்லை. பொக்லைன் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹைன்ரிக் கிடைத்தார். தொடையெலும்பைக் கழுவி உங்கள் காலோடு வைத்துப் பார்த்து, "எவ்ளோ ஒசரம் பாரு, உங்கப்பன் மாதிரி" என்றீர்கள். சின்னப்பாப்பா கிடைத்தாள். கண்ணாடி வளையல் துண்டு ஒன்று பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

லீனா கிடைக்கவில்லை. குழந்தையின் எலும்பு அத்தனை காலம் தாங்காது என்பது நர்ஸான உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கையால் துழாவினீர்கள். மணல் சலிக்கும் சல்லடையைக் கேட்டு வாங்கிச் சேற்றைச் சலித்தீர்கள். கல்தான் வந்தது. "ஒரு பல்லாவது இருக்கும்டா, ஒரு பல்லு" என்று சொல்லிச் சொல்லிச் சலித்தீர்கள். கூலியாள் ஒருவர், "போதும் எந்திரிங்கம்மா" என்று தோளைத் தொட்டார். நீங்கள் அந்தக் குழியின் அடிமண்ணை இரண்டு கையிலும் அள்ளி மூன்றாவது பானையில் போட்டீர்கள். "இதான் பாப்பா" என்றீர்கள்.

மூன்று பானைகளும் உங்கள் வீட்டு உள்ளறைக்கு வந்தன. கொஞ்ச நாளைக்குத்தான் என்றீர்கள். வருஷங்கள் போயின. இன்னும் எத்தனை பேர் காலில் விழுந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லா இடத்துக்கும் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவன் நான்தானே. அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள். பத்திரமாக இருக்கிறது என்று சொன்ன வாய். பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குப் போகும் வழியெல்லாம் உங்களுக்கு உங்களைப் பற்றிய பயமே இல்லை. "நான் போயிட்டா உங்கப்பன் இதுங்கள ஆத்துல கொட்டிடுவான். எனக்கு சத்தியம் பண்ணு" என்று என் சட்டையைப் பிடித்தீர்கள். பண்ணினேன். எதை நம்பிப் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் போன அன்று அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன், பானைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். பெற்ற தகப்பனை அடிக்கவும் தயாராக இருந்தேன், அத்தை.

அப்பா என் கையைத் தாண்டிப் பானைகளைப் பார்த்தார். "இதுல கொழந்த எது?" என்று கேட்டார்.

காட்டினேன்.

"குழி வெட்டறவன்கிட்ட ஒரு மொழம் சேத்து வெட்டச் சொல்லு. அவகூடவே போவட்டும்" என்றார்.

சர்ச்சில் உங்களுக்கு ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, குழியைப் பார்த்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம். முதல் இரண்டு பானைகளை வண்டியில் வைத்து நான் கொண்டுபோனேன். மூன்றாவதை அப்பா வண்டியில் வைக்க விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தே வந்தார். குழி வெட்டியவர் எதுவும் கேட்காமல் உள்ளே இறங்கிக் கை நீட்டினார். மூன்றையும் சேர்த்தே வைத்து மண் மூடினோம். பிறகு எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு உங்களைக் கொண்டுவந்தார்கள். கமிட்டிச் செயலாளர் ஒரு பிடி மண் போட்டார். சின்னப்பாப்பா மேலும் அது விழுந்தது, அவருக்குத் தெரியாது.

எல்லோரும் போனபின் அப்பா குனிந்து மண்ணைத் தட்டிக் கொடுத்தார். "குத்தநாத்து, சாமி. குத்தநாத்து" என்றார்.

நம் வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது சொல்லும் வார்த்தை. எனக்கு நீங்கள்தான் சொல்வீர்கள், போர்வையை இழுத்துவிட்டு. ஏதோ கொஞ்சல் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் அமெரிக்கக் கிழவரின் அழைப்பை எடுத்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பத்திரமாக இருக்கிறது என்ற உங்கள் வார்த்தை பொய்யாகிப் பிறகு எப்படி மெய்யானது என்பது வரைக்கும். அப்பா கடைசியில் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும். அப்புறம் அவரே மெதுவாகச் சொன்னார், வேறு மாதிரி, ஆனால் அதேதான். அவர் பாட்டி ஜெர்மனில் அவருக்குச் சொன்னதாம். நல்லிரவு என்று பொருளாம்.

ஊர் ஊராகப் போய்க் கேட்டீர்களே, அத்தை. தாத்தாவின் மொழியில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று. அது உங்கள் வாயிலேயே இருந்தது. நாள் தவறாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இதை உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மொழியில் எனக்கு வேறொன்றும் தெரியாது. நீங்கள் கொடுத்த இந்த ஒரு சொல்தான் என்னிடம் இருக்கிறது.