கின்னு உரித்த விரல்

அக்கா,

விரலில் கின்னு ஆரஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. உன் சர்க்கரை எனக்கும் வந்து, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். பார்க்க வந்த மகளுக்குப் பழம் உரித்துக் கொடுத்த கையோடு நர்ஸிடம் விரலை நீட்டினேன். இருநூற்றுத் தொண்ணூறு. நாள் முழுக்கச் சர்க்கரையைக் கவனிக்க என் புஜத்தில் ஒட்டியிருக்கும் சென்சாரோ நூற்றைம்பது என்றது. “ஆன்ட்டி, ஹாத் தோயா?” என்றாள் அந்த நர்ஸ் பெண். கை கழுவவில்லை. பழச்சாறு விரலில் இருந்தால் மெஷின் ஏற்றிக் காட்டுமாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் போதாதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். இதே போல நீ படுத்திருந்தாய். உன் ஆபீஸ் தோழி கொண்டுவந்த இரண்டு கின்னுவையும் உரித்து, “ஏட்டி, பிள்ளையளுக்குக் கொண்டு போ” என்று என் டிபன் டப்பாவில் அடுக்கினாய். கொஞ்ச நேரத்தில் விரலில் குத்தினார்கள். முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

“சத்தியமா ஒரு சுளைகூட திங்கலட்டி.”

“சும்மா இரு அக்கா. மெஷினா பொய் சொல்லும்?”

நீ ஒளித்து பர்ஃபி தின்பவள் என்று லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர். ஊசி போடுமுன் லேபிலும் ஒரு முறை பார்த்துவிடலாமா என்று டாக்டர் யோசித்தார். வேண்டாம், இவள் இப்படித்தான், திருட்டுத் தீனி என்று அவரிடம் சொன்னது நான். எவ்வளவு கெட்டிக்காரி பார்!

இன்சுலின் ஏறி ஒரு மணி நேரத்தில் உனக்கு வியர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து யாரென்று கேட்டாய். பிறகு கண் செருகிவிட்டது. ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றி உன்னை மீட்டார்கள். கண் விழித்ததும் நீ கேட்டது, “பழத்தைப் பிள்ளையளுக்குக் குடுத்தியாட்டி?”

அதற்குப் பின் எங்கள் மயூர் விஹார் வீட்டுக்கு நீ வந்தபோதெல்லாம் பழத்தட்டைத் தள்ளி வைத்தாய். “நீயே உரிச்சுக்கோ” என்பாய். போன வருடம் போய்ச் சேரும்வரை அப்படித்தான்.

இன்று கை கழுவிவிட்டு மறுபடி குத்திக்கொண்டேன். நூற்று நாற்பத்தெட்டு. மெஷின் ஏன் தப்பாகக் காட்டியது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், அக்கா. ஆனால் நீ தின்னவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரியும். வீட்டில் டப்பாவைத் திறந்தேன். இரண்டு பழமும் ஒரு சுளை குறையாமல் இருந்தன. உன்னிடம் சொல்லவில்லை.