வெள்ளிக்கிழமை மூச்சு

ஃப்ரீமான்ட்
9 மார்ச் 1997, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு இருமல் வந்துவிடுகிறது. நீங்களும் "சரி வை, அப்புறம் பேசலாம்" என்கிறீர்கள். எழுதினால் சொல்லி முடிக்கவாவது முடிகிறது.

மூன்றாவது தடவையும் மூச்சு டெஸ்ட் நார்மல். மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, நர்ஸ் "இன்னும், இன்னும்" என்று விரட்ட விரட்டக் குழாயில் ஊதினேன். வாரம் முழுக்க மூச்சுக்குத் தவித்துவிட்டு அங்கே போய் நன்றாக ஊதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. திங்கள் காலை தவிர வேறு நேரத்தில் லீவும் கிடைப்பதில்லை. டாக்டர் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்திருக்கிறார். மூச்சின் வேகத்தை அளக்கும் பிளாஸ்டிக் குழல். காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துவைக்க வேண்டுமாம்.

"டெஸ்ட்ல ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன உனக்கு?" என்று கேட்டீர்கள். போனை வைத்தபிறகு அரை மணி நேரம் இருமினேன்.

அங்கே இன்னும் பனி கொட்டுகிறதாமே. ஜாக்கெட் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
ஷ்யாமளா

---

பிஸ்கட்டவே
16 மார்ச் 1997

அன்பு ஷ்யாமளா,

உன் கடிதம் கிடைத்தது. நானும் இங்கே சும்மா இல்லை. பழைய ப்ரோக்ராம்களையெல்லாம் இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் திருத்தியாக வேண்டும் என்று சனிக்கிழமையும் ஆபீஸ். வந்து தயிர் சாதம் பிசைந்து தின்றுவிட்டுப் படுக்கிறேன்.

மீட்டரில் பலமாக ஊதுகிறாயா? மெதுவாக ஊதினால் நம்பர் குறையத்தான் செய்யும். புது வேலை, நானும் பக்கத்தில் இல்லை. உனக்குப் பயம், அவ்வளவுதான். யோகா கிளாஸில் சேர்ந்து பாரேன்.

கஸ்தூரிரங்கன் மனம் கோணாமல் நடந்துகொள். எனக்கு நாலு மாதம் ப்ராஜெக்ட் இல்லாதபோது நம்மைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர். கிரீன் கார்டு வந்ததும் தன் எலெக்ட்ரானிக்ஸ் யூனிட்டிலேயே உனக்கு வேலை கொடுத்தவர். அடிக்கடி லீவு கேட்டு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடாதே.

உன்
பசுபதி

---

ஃப்ரீமான்ட்
5 ஏப்ரல் 1997

அன்புள்ள உங்களுக்கு,

என் நோட்டிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு மாலை 410. திங்கள் காலை 400. புதன் மாலை 340. வெள்ளி மாலை 270. அடுத்த ஞாயிறு மறுபடி 400. மூன்று வாரமும் இதே கதைதான். மெதுவாக ஊதுகிறவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படிப் பலமாக ஊதுவேன்?

நோட்டைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகே ஒவ்வொரு தடவையும் டெஸ்டுக்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று வெள்ளிக்கிழமை, வேலையிலிருந்து நேராக வரச் சொன்னார். ஊதினேன், மிகவும் குறைவு. மருந்தை உறிஞ்சவைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதச் சொன்னார், ஏறிவிட்டது. ஆஸ்துமாதான். சர்க்யூட் போர்டில் ஈயத்தை உருக்கி நான் சால்டரிங் வைக்கும்போது எழும் புகைதான் காரணமாக இருக்கும் என்கிறார். உறுதிசெய்ய, வேலை நேரத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊத வேண்டும்.

உடனே கஸ்தூரிரங்கனுக்குப் போன் செய்து, வேலை நேரத்தில் ஊத அனுமதியும் புகையில்லாத வேறு இடமும் கேட்டேன். அவர் சிரித்தார். "பசுபதி பிப்ரவரியிலயே சொன்னாரும்மா, அவ கொஞ்சம் பயந்த சுபாவம், எது சொன்னாலும் பெரிசா எடுத்துக்காதீங்கன்னு. எல்லார் முன்னாடியும் நீ ஊதிட்டு இருந்தா மத்தவங்களும் பயப்படுவாங்க."

அவரிடம் எதற்காக அப்படிச் சொன்னீர்கள்?

ஷ்யாமளா

---

பிஸ்கட்டவே
13 ஏப்ரல் 1997

அன்பு ஷ்யாமளா,

சொன்னது உண்மைதான். நீ அடிக்கடி லீவு எடுக்கிறாயே என்று அவர்தான் போனில் கேட்டார். உன் வேலை போய்விடக்கூடாதே என்று ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். டெஸ்டும் நார்மல் என்றுதானே வந்தது? நான் என்ன டாக்டரா?

டாக்டர் கடிதம் எதையும் இப்போது அவரிடம் நீட்டாதே. ஏதோ கேஸ் போடப்போகிறோம் என்று நினைத்துவிடுவார். ஜூனில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. நான் வந்து பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொள்.

உன்
பசுபதி

---

ஃப்ரீமான்ட்
10 மே 1997

உங்களுக்கு,

இரண்டு மாதம் என்னால் முடியவில்லை. உள்ளே ஊதக்கூடாது என்றதால் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஊதினேன். ஏப்ரல் 30, புதன்கிழமை. பத்து மணிக்கு 310, பன்னிரண்டுக்கு 250, இரண்டு மணிக்கு 180. இருநூறுக்குக் கீழே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து மேஜை விசாலாக்ஷிதான் என்னை எமர்ஜென்சிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். ஃப்ரீவேயில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் கஸ்தூரிரங்கன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நான் நம்பலைம்மா. கட்டினவரே அப்படிச் சொல்லும்போது நான் எப்படி நம்புவேன்?" என்று சொல்லி அழுதார். டாக்டர் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு வாரம் லீவு கொடுத்து, வரும் திங்களிலிருந்து அடுத்த கட்டடத்தில் பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார். அங்கே புகை கிடையாது. நேற்று வெள்ளிக்கிழமை, வீட்டில் ஊதினேன். 400.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது என்று முதலில் உங்களிடம்தான் சொன்னேன்.

ஜூனில் வருவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம்.

ஷ்யாமளா

---

பிஸ்கட்டவே
18 மே 1997

ஷ்யாமளா,

எமர்ஜென்சிக்குப் போனதைக்கூடப் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். ஏன் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை.

கஸ்தூரிரங்கனுக்குப் போன் செய்தேன். பிப்ரவரியில் நான் சொன்னது தப்பு, அவளைக் கேட்காமல் சொன்னேன், மன்னியுங்கள் என்றேன். "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க பசுபதி?" என்றார்.

உன்னிடம் சொல்ல உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் நடுவில் "ஆனால்" என்று ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. இந்தத் தாளில் அது வராமல் எழுதுகிறேன். நீ சொன்னபோது நான் நம்பவில்லை. என்னால் உன் உயிர் போகப் பார்த்தது.

நீ கூப்பிடும்வரை வரமாட்டேன். ஒருவேளை நீ கூப்பிடவே இல்லையென்றாலும் உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

பசுபதி