ஆனைமுடியும் குட்டநாடும்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே தூறல். பி.டி. பீரியட் கேன்சல். மழைக்கு ஒரு தேங்க்ஸ்.

ஜியாகிரபி மேம் ஜோடி பிரிச்சாங்க. எனக்கும் ஷபானாவுக்கும் தென்னிந்தியா மேப், களிமண்ணுல. ஒவ்வொரு ஸ்டேட்லயும் ரொம்ப உசரமான இடம், ரொம்பத் தாழ்வான இடம், ரெண்டுலயும் கொடி குத்தணும். வெள்ளிக்கிழமை எக்ஸிபிஷன்.

கிளாஸ்லயே நெட்டை நான். குட்டை ஷபானா. கேரளாவுலயே தாழ்வான இடம் குட்டநாடு. சும்மா இருப்பேனா? "குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே"ன்னு பேப்பர்ல எழுதி அவ முதுகுல ஒட்டிட்டேன். கிளாஸே சிரிச்சுது. லஞ்ச்லதான் அவளுக்குத் தெரிஞ்சுது. பேப்பரை நாலா மடிச்சு பையில வச்சுக்கிட்டா. திட்டல. அதான் பயமா இருக்கு.

ஜூலை 8, செவ்வாய்
வெயில். ஆனாலும் வேர்க்கல. பெங்களூரு கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலயாம். அதுக்கும் தேங்க்ஸ்.

ஷபானா பேசல. "சாரிடி"ன்னேன். களிமண்ணைப் பிசைஞ்சுக்கிட்டே பக்கத்து பெஞ்ச் ரேகாகிட்ட, "பச்சை பெயிண்ட் வேணும்னு அவகிட்ட சொல்லு." அவ-ன்னா நான். ரெண்டடி தூரத்துல.

எல்.கே.ஜி.ல இருந்து என் மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரிச்ச ஒரே ஜீவன். போயிடுவாளோ?

ஜூலை 9, புதன்
மேப் வைக்கிற பலகைக்கு நீல பெயிண்ட் அடிச்சாச்சு, கடலுக்கு. அப்புறம்தான் உறைச்சுது. பலகைதான் கடல் மட்டம். குட்டநாடு அதுக்கும் கீழ. பலகைக்குக் கீழ பெஞ்சுதான் இருக்கு!

மேம் கன்னடத்துல: "ஏனு இது? குட்டநாடு எல்லி?" குட்டநாடு எங்கேன்னு.

ஷபானா பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ அண்ணன் கார்பென்டர்.

ஜூலை 10, வியாழன்
பலகையில வட்டமா ஓட்டை. அடியில ஜாம் பாட்டில் மூடி. உள்ள பச்சை நூலைக் கத்தரிச்சு நட்டிருக்கா. சுத்தி களிமண் கரை. அண்ணாவுக்கு ஒரு கோடி தேங்க்ஸ்.

"என்னடி இது, புல்லா?" ரேகா.

"நெல்லு. கீழ இருக்குன்னு சிலர் சிரிப்பாங்க. கரை கட்டி அங்கயே வெள்ளாமை பண்றாங்க."

சொன்னது ரேகாகிட்ட. பாத்தது என்னை. அதுக்கு பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி
எங்க மேப்பைச் சுத்திதான் கூட்டம். ஒரு அங்கிள் குனிஞ்சு பாத்து, "அட, தெற்குலயே உசரமான இடமும் பள்ளமான இடமும் ரெண்டும் கேரளாலயே இருக்கே!"

"ஆமா அங்கிள், ஆனைமுடியும் குட்டநாடும்"னு சொல்லிக்கிட்டே ஷபானா என் முதுகுல ஒரு தட்டு தட்டுனா. நாலு நாளைக்கு அப்புறம். கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

நீலசந்திரா மார்க்கெட் வழியா வீடு. எல்லாரும் என்னைப் பாத்து இளிக்கறாங்க. தக்காளி வண்டிக்காரர், "வழி விடுங்கப்பா, ஆனை வருது!"

வீட்டுல அம்மா: "ஏன்டி, முதுகுல என்னடி ஒட்டியிருக்கு?"

அதே பேப்பர். நாலா மடிச்ச தடம். குட்டநாட்டை அடிச்சுட்டு, "ஆனைமுடி. தலைக்கனம் அதிகம்." கீழ பொடி எழுத்துல, "பக்கத்துலதான் குட்டநாடு. ஒரே ஸ்டேட். நாளைக்கு வீட்டுக்கு வா, எங்க அம்மி சேமியா பண்றாங்க."

அம்மா கசக்கப் போனாங்க. நான் போட்ட சத்தத்துல கீழ் வீட்டு நாய் குலைச்சுது.

கடவுளே, தேங்க்ஸ். தேங்க்ஸ். தேங்க்ஸ்.

நாளைக்கு அவ வீட்டுக்குப் போற வழியில புது செல்லோடேப் வாங்கணும்.